சுவருக்குள் ஒரு கண்: ஜார்ஜ்டவுன் கடைவீட்டில் ஒரு கனவுப் படப்பிடிப்பு

கனவு மூன்று வரிதான். பாட்டி வீட்டுப் பின்கட்டுச் சுவர். பெயின்ட் உதிர்கிறது, உதிர்ந்த இடத்தில் ஒரு கண் திறந்திருக்கிறது, அது கனவு கண்டவளின் கண். சுவரிலிருந்து மல்லிகை வாசம் வருகிறது.

கனவு கண்ட பெண்ணே மாடல். அவருடன் ஒரு மேக்கப் கலைஞர், ஒரு ஒளிப்படக் கலைஞர், ஓர் உதவியாளர். இடம், மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜ்டவுன் நகரில், லிட்டில் இந்தியா பக்கத்தில் வானம் பார்த்த முற்றம் உள்ள ஒரு பழைய கடைவீடு. ஏப்ரல் முதல் வாரம். இறுதியில் வேண்டியது ஒரே ஒரு படம். அந்தப் படம் எப்படி உருவானது, எங்கெங்கே கெட்டது, ஏன் கெட்டது என்பதே இந்த ஆய்வு.

முதல் சோதனை ஏன் தோற்றது

கனவு என்றதும் கை தானாகப் போகும் இடங்கள் சில உண்டு: புகை இயந்திரம், விளக்கின் முன் வைக்கும் ஊதா நிறத் தாள், லென்ஸ் முன்னால் மென்மையாக்கும் ஃபில்டர், கன்னத்தில் மினுக்கு. முதல் சோதனையில் இவை எல்லாமே இருந்தன. லென்ஸும் எஃப்/1.8-இல் முழுதாகத் திறந்திருந்தது. படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் மாடல் அதைப் பார்த்துவிட்டு, இது என் கனவு இல்லை என்றார். மேக்கப் கலைஞர் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார்.

“கனவுல புகை இருந்துச்சாம்மா?”

“இல்லக்கா. பட்டப்பகல். சுவர்ல கீறல் ஒவ்வொண்ணும் தெரிஞ்சுச்சு.”

“பயமா இருந்துச்சா?”

“அதான்க்கா இல்ல. நான் சுவரா இருக்கறது சாதாரணமா இருந்துச்சு.”

இந்த இரண்டு பதில்களும் மேக்கப்பை மட்டுமல்ல, லென்ஸ் திறப்பையும் முடிவு செய்துவிட்டன. கனவு காண்பவருக்கு எது வியப்பாக இல்லையோ, அதைத்தான் படத்தில் மிகச் சாதாரணமாக, மிகத் தெளிவாகக் காட்ட வேண்டும். கலங்கலாகக் காட்டினால், பார்ப்பவர் ‘ஏதோ எஃபெக்ட்’ என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு கீறலும் கூர்மையாக இருந்து, அதில் ஒன்று மட்டும் நடக்க முடியாததாக இருந்தால்தான் அவர் நின்று பார்ப்பார். கனவை வாங்கிக் குறித்துக்கொள்ளும்போது நாங்கள் பரிந்துரைக்கும் கேள்விகள் இவைதான்: வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எது அசைந்தது, எது அசையவில்லை, எது உனக்கு வியப்பாக இல்லை. ‘அர்த்தம் என்ன’ என்று கேட்கக் கூடாது. அர்த்தம் சொல்லத் தொடங்கினால் கண்ட காட்சி கலைந்துவிடும்.

உடலில் சுவரைப்போலவே வண்ணம் பூசி ஆளைச் சுவரோடு கரைக்கும் கலைக்கு முன்னோடிகள் உண்டு. 1970-களில் ஜெர்மன் மாடல் வெருஷ்கா, ஓவியர் ஹோல்கர் ட்ரூல்ஷுடன் சேர்ந்து பழைய சுவர்களிலும் கதவுகளிலும் தன் உடலைக் கரைத்தார். சீனக் கலைஞர் லியூ போலின் 2005 முதல் இதையே தன் வழியாக்கிக் கொண்டார். அவர்கள் படங்களில் முழு உடலும் மறையும். இங்கே கண் மட்டும் மறையக் கூடாது. கனவின் நடு அதுதான்.

சுவரைப் படித்தல்

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். முதலில் பூசியது சுண்ணாம்பு. லெயித் ஸ்ட்ரீட்டில் உள்ள சோங் ஃபாட் ஸீ மாளிகையின் நீலம் இந்த ஊரில் யாருக்கும் தெரியும். அது அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே விட்டு வெளியே அனுப்பும், வயதானால் மாவாக உதிரும். பின்னாளில் அதன் மேல் எமல்ஷன் (பிளாஸ்டிக் படலமாகக் காயும் சுவர் பெயின்ட்) அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெயின்ட் உப்பி, தோல் தோலாகச் சுருண்டு உரியும். இந்த முற்றத்துக் கிழக்குச் சுவர் இரண்டாம் வகை: மேலே வெளிர்நீல எமல்ஷன், உரிந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு, இன்னும் ஆழமாகப் போன சில இடங்களில் செங்கல் நிறம்.

இது தெரிந்தால்தான் முகத்தில் எதைச் செய்வது என்று தெரியும். மாவாக உதிரும் சுவர் என்றால் கயோலின் களிமண் பூசி உலரவிட்டால் போதும், தானே வெடிக்கும். தோலாக உரியும் சுவருக்குக் களிமண் பொருந்தாது. சுருண்ட செதில்கள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘அசல் சுண்ணாம்பையே முகத்தில் தடவினால் என்ன’ என்ற யோசனை எப்போதும் யாராவது ஒருவருக்கு வரும். சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. துணிக்குப் போடும் நீலமும் முகத்துக்கு உரியதல்ல.

சுவரில் ஆணி கூடாது, டேப்பும் கூடாது. டேப்பை எடுத்தால் உள்ளங்கை அளவு பெயின்ட் கூடவே வந்துவிடும். குறிகள் எல்லாம் தரையில் மட்டுமே போடப்பட்டன. கீழே தானாக விழுந்து கிடந்த கட்டைவிரல் நக அளவுச் செதில் ஒன்று உறையில் போட்டு எடுத்து வைக்கப்பட்டது. அடுத்த பத்து நாளும் நிறத்துக்கு அளவுகோல் அதுதான்.

செதில்கள்

முதல் திட்டம் திரவ லாடெக்ஸ், அதாவது காய்ந்தால் தோல்போல உரியும் ரப்பர் பால். கண்ணாடியில் மூன்று பூச்சு, பவுடர் தட்டி உரித்தெடுப்பது. படப்பிடிப்புக்கு ஐந்து நாள் முன்பு முழங்கை உள்மடிப்பில் தடவி 24 மணி நேரம் பார்த்ததில் மாடலுக்குத் தோல் சிவந்து அரித்தது. லாடெக்ஸ் அத்துடன் கைவிடப்பட்டது. இந்தச் சோதனையை முதல் நாள் மாலையில் வைத்துக்கொள்பவர்களுக்கு மாற்று செய்ய நேரம் இருக்காது. ஐந்து நாள் என்பது அதற்காகத்தான்.

மாற்று, ஓவியர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக். சுவர் எமல்ஷனையே உலர்த்தி உரித்தால் என்ன என்று தோன்றும். அதில் பூஞ்சை தடுக்கும் ரசாயனங்கள் உண்டு, முகத்துக்கு வேண்டாம். நச்சற்றது என்று குறிப்பிட்ட ஓவியர் அக்ரிலிக் இரண்டு பங்கு, டால்க் பவுடர் ஒரு பங்கு. டால்க் இரண்டு வேலை செய்கிறது: பளபளப்பைக் கொல்கிறது, படலத்தைச் சற்று முறியும்படி ஆக்குகிறது. 30-க்கு 40 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் முதலில் நீலம் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் வெள்ளை ஒரு பூச்சு, மறுபடி வெள்ளை. உரித்துத் திருப்பினால் மேலே நீலம், அடியில் சுண்ணாம்பு வெள்ளை. சுருண்ட ஓரத்தில் அந்த வெள்ளை தெரிவதுதான் கண்ணை நம்பவைக்கிறது. பினாங்கு ஈரக்காற்றில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவு வேண்டும். ஹேர் டிரையர் சூட்டில் அவசரப்படுத்தினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும், உரிக்கும்போது இழுபடும்.

படலத்தைக் கத்தரியால் வெட்டக் கூடாது. கையால் கிழிக்க வேண்டும். கத்தரி ஓரம் நேராக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை அறுபது செதில்கள் தயாராயின. ஒட்டியவை முப்பத்தெட்டு. ஒட்டுவதற்கு ப்ரோஸ்-எய்ட் என்ற மேக்கப் பசை, செதிலின் நடுவில் மட்டும் ஒரு பொட்டு. ஓரம் முழுக்கப் பசை போட்டால் செதில் முகத்தோடு படிந்து வெறும் ஸ்டிக்கராகிவிடும்.

நிறம்: கண்ணுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று

தோலுக்கு ஆல்கஹாலில் கரைக்கும் மேக்கப் பெயின்ட் தேர்ந்தெடுக்கப்பட்டது. தண்ணீரில் கரைக்கும் பெயின்ட் வியர்வையில் வழியும்; காலை ஒன்பது மணிக்கே முற்றத்தில் வேர்க்கும். கண்ணைச் சுற்றி மட்டும் ஆல்கஹால் கூடாது என்பதால் அங்கே கிரீம் பெயின்ட்.

இந்த வேலையின் கடினமான கட்டம் இதுதான். வெளிர்நீலம் கலப்பது எளிது என்று தோன்றும். மாடலின் உள்முன்கையில் 3 சென்டிமீட்டர் சதுரங்களாக ஐந்து கலவைகள் பூசி, கையைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குச் சுவரோடு மிகவும் ஒத்திருந்தது இரண்டாவது சதுரம். அதையே கேமராவில் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் இரண்டாவது ஊதாவாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. நான்காவது சுவரில் கரைந்து காணாமல் போயிருக்கிறது.

காரணம் நிறமிகள். சுவர் பெயின்டில் வெளிர்நீலத்துக்குப் பெரும்பாலும் தாலோ வகை நீலம் போடுவார்கள். மேக்கப்பில் இருந்தது அல்ட்ராமரின். இரண்டும் ஒரு வெளிச்சத்தில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். ஆனால் அல்ட்ராமரின் ஆழ்சிவப்பு ஒளியையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும், தாலோ அனுப்பாது. அதனால் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் கூடும்போது ஒன்று ஊதாவுக்கும் மற்றொன்று பச்சைக்கும் சாயும். கேமரா சென்சாரும் நம் கண்ணும் நிறத்தைப் பிரிக்கும் விதமும் வேறு. எனவே கலவையைத் தீர்மானிக்க வேண்டியது படம் எடுக்கப்போகும் கேமரா, எடுக்கப்போகும் இடம், எடுக்கப்போகும் நேரம். அறை விளக்கில் கலந்து எடுத்து வந்த நிறத்தை நம்பவே கூடாது.

நான்காவது சதுரத்தின் கலவை: வெள்ளை 6 பங்கு, அல்ட்ராமரின் 2, பச்சை அரை, பழுப்பு அம்பர் கால். அந்த அரைப் பங்கு பச்சைதான் காப்பாற்றியது. நம் மாநிறத் தோல் மேல் இந்த நீலம் ஒரே பூச்சில் சாம்பலாகத் தெரியும். கெட்டியாக அள்ளிப் பூசினால் வெடித்துத் துண்டாகும். ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது.

உதட்டுக்கு அல்ட்ராமரின் போடவில்லை. அமெரிக்க ஒப்பனை விதிகளில் அது கண்பகுதிக்கு அனுமதிக்கப்பட்டது, உதட்டுக்கு இல்லை. மேலுதட்டின் மேல் இரண்டு செதில்கள், கீழுதட்டுக்கு உதட்டுக்கென்றே விற்கும் வெளிர்நீல லிப்ஸ்டிக்.

ஒளி

பினாங்கில் உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை. மலேசியக் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, ஊர் இருப்பதோ 100 பாகையில். ஆகவே ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 1.20 ஆகும். அந்த வாரம் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வரும். முற்றம் 3 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். காலை முழுதும் கிழக்குச் சுவர் நிழலில் இருக்கும்; வெயில் எதிரே மேற்குச் சுவரில் மெல்ல இறங்கும். 10.30-க்கு அதன் மேற்பாதியில், 11.40-க்கு ஆள் உயரத்தில், 12 மணிக்குத் தரையில். தரையைத் தொட்டதும் முகத்துக்குக் கீழிருந்து ஒளி வந்துவிடும், படம் கெட்டுவிடும். ஆக எடுக்கக் கிடைத்தது 10.45 முதல் 11.50 வரை.

மேற்குச் சுவரில் வெயில் படுவது பெரிய வரம், ஆனால் அந்தச் சுவர் பாலாடை மஞ்சள். அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் முகம் ஊதாவுக்குப் போனது. மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டு முழ வெள்ளை வேட்டிகள் மூன்று தொங்கவிடப்பட்டன. பிரச்சினை தீர்ந்தது மட்டுமல்ல. எதிர்ப்பக்கம் முழுதும் ஒரு பெரிய மென்மையான விளக்காக மாறிவிட்டது. முன்னாலிருந்து வரும் தட்டையான ஒளி நிழலை அழிக்கிறது, நிழல் அழிந்தால்தான் முகம் சுவராகும். ஃபிளாஷ் எதுவும் தேவைப்படவில்லை.

மீதி நிழலைத் தூரிகை அழித்தது. நிழலும் வெளிச்சமும் பூசி முகத்தின் மேடு பள்ளத்தை எடுத்துக்காட்டும் வழக்கமான கான்டூரிங்குக்கு இது நேர் எதிர்: துருத்தும் இடங்களான மூக்குத்தண்டு, நெற்றி, கன்ன எலும்பு ஆகியவற்றை அரை நிழல் கருமையாக்கு, பள்ளமான கண்குழி ஓரம், மூக்கின் பக்கம், தாடையின் கீழ் ஆகியவற்றை வெளுப்பாக்கு. மீனின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது இதே கணக்குதான்.

அந்த நாள்

முதல் நாள் இரவு இடியுடன் மழை. காலை 6.45-க்குப் போய்ப் பார்த்தால் சுவர் மாறியிருந்தது. எமல்ஷன் உள்ள இடங்களில் பெரிய மாற்றமில்லை. உரிந்து சுண்ணாம்பு தெரியும் இடங்கள் ஈரத்தை உறிஞ்சிச் சாம்பலாகக் கருத்திருந்தன. இரண்டு நின்ற மின்விசிறிகளைச் சுவரை நோக்கித் திருப்பியதில் தலை உயரத்தில் உலர்ந்தது. தோள் உயரத்துக்குக் கீழே ஈரக்கோடு அப்படியே நின்றது. மேக்கப் கலைஞர் அந்தக் கோட்டை எதிர்த்துப் போராடவில்லை. சுவரில் ஈரம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் கழுத்தின் குறுக்கே கோட்டைத் தொடர்ந்து, அதற்குக் கீழே கலவையில் அம்பரைக் கூட்டினார். இறுதிப் படத்தில் பார்ப்பவரை முதலில் ஏமாற்றுவது அந்த ஈரக்கோடுதான்.

மேக்கப் முற்றத்திலேயே, மின்விசிறிக் காற்றில் நடந்தது. ஏசி அறையில் முகத்தை முடித்து வெளியே கூட்டி வந்தால் முகம் சட்டென்று வேர்க்கும். கேமராவுக்கும் ஏசி ஆகாது, ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் பையைத் திறந்தால் லென்ஸ் பனிக்கும். பை மூடியபடி ஒரு மணி நேரம் முற்றத்தில் வைக்கப்பட்டது.

முதலில் முகத்தில் சிலிக்கான் தடுப்புக் கிரீம். கூந்தல் ஜெல் போட்டு வாரி வலைக்குள் அடக்கப்பட்டது. அதன் மேல், முந்தின நாளே நீர்த்த அக்ரிலிக்கில் தோய்த்துத் தலை வடிவில் விறைக்கவிட்ட 60 சென்டிமீட்டர் மஸ்லின் துணி. துணியும் நெற்றியும் சேரும் விளிம்பு பெரிய செதில்களின் கீழே மறைந்தது. தோளுக்கும் அதே துணி. சூரியன் 7.20 வாக்கில் உதித்தாலும் முற்றத்தில் நிறம் பார்க்கும் அளவு வெளிச்சம் 8.30-க்குத்தான் வந்தது, அதுவரை அடிப்பூச்சு மட்டும்.

மாடல் முக்காலியில், தலை சுவரோடு, பிடரிக்கும் சுவருக்கும் நடுவில் சுருட்டிய துண்டு. நிற்கவைத்தால் பத்து நிமிடத்தில் ஆள் ஆடத் தொடங்குவார். கேமரா டிரைபாடில், கண்ணிலிருந்து 2.4 மீட்டர், 85 மில்லிமீட்டர் லென்ஸ். ஒருமுறை பூட்டியபின் யாரும் தொடவில்லை. கீறல்கள் முகத்தில் தொடர்வது அந்த ஒரே ஒரு புள்ளியிலிருந்து பார்க்கும்போதுதான். ஒரு சாண் நகர்ந்தாலும் கோடுகள் முறியும். ஒளிப்படக் கலைஞர் திரையைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் மேல, நிறுத்துங்க’ என்று சொல்லச் சொல்ல, மேக்கப் கலைஞர் தூரிகையை நகர்த்தினார். முகத்தருகே நின்று பார்த்தால் அந்தக் கோடு தவறான இடத்தில் போவதாகவே தெரியும். நம்ப வேண்டியது திரையை. இடது புருவத்தைக் கடக்கும் ஒரே ஒரு கீறலுக்கு இருபது நிமிடம் ஆனது.

வலது கண்ணைச் சுற்றிச் செதில் இல்லை, நீலமும் இல்லை. அங்கே சுவர் உரிந்து கண் வெளிப்படுவதாகத்தான் கனவு. இமையைச் சுற்றி 2 சென்டிமீட்டர் அவருடைய சொந்தத் தோல் நிறமே விடப்பட்டது. மஸ்காரா கிடையாது. இடது கண் மூடி, மேலே பெயின்ட்.

மல்லிகைச் சரம் 9.30-க்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையிலிருந்து வந்தது. காலையில் வாங்கும் சரம் மொட்டாகவே இருக்கும், நண்பகல் வரை தாங்கும். ஒரு முனையைக் காதுக்குப் பின்னால் மஸ்லினுக்குள் செருகினார்கள். சுவர்ப் பிளவிலிருந்து வழிவதுபோல் அரை முழம் தோளில் இறங்கியது.

10.25-க்கு மேக்கப் முடிந்தது. லென்ஸ் திறப்பு எஃப்/8 (எண் கூடினால் திறப்பு சிறிது), 1/125 நொடி, ஐஎஸ்ஓ 400. இந்தத் தூரத்தில் எஃப்/8-க்குக் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர். மூக்கு நுனி முதல் சுவர் வரை அதற்குள் அடங்கும். எஃப்/1.8-இல் அது 8 சென்டிமீட்டர்தான். சுவர் மங்கி, தலை தனியே பிரிந்துவிடும்.

11.10 வாக்கில் மேலுதட்டுச் செதில் ஒன்று விழுந்தது. மாடல் ஸ்டிராவில் பார்லி தண்ணீர் குடித்திருந்தார். உதடு குவிந்ததில் பசை விட்டது. புதிய செதிலை ஒட்டினால் பசை வெள்ளை மாறித் தெளிய ஐந்து நிமிடம். அதற்குள் நெற்றியில் வியர்வை முத்துக் கட்டியது. துடைத்தால் பெயின்ட் இழுபடும். டிஷ்யூவை மடித்து ஒற்றி எடுத்து, மேலே பவுடர் தொட்டார்கள். சுவரில் பளபளப்பு இல்லை, ஆகவே முகத்தில் ஒரு புள்ளி பளபளத்தாலும் அது முகமாகிவிடும்.

எடுத்தவை 140 படங்கள். தேர்வானது 11.32-க்கு எடுத்தது. கண்ணின் கருமணியில் முற்றத்து வானம் ஒரு சிறு வெள்ளைச் சதுரமாக விழுந்திருக்கிறது.

கலைப்பதும் அச்சும்

செதில்களை இழுக்கக் கூடாது. ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் (மேக்கப் பசையை இளக்கும் எண்ணெய்) தொட்ட மெல்லிய தூரிகையை ஓரத்தின் அடியில் விட்டால் பசை தானே விடும். பெயின்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைப்பது, பிறகு வெதுவெதுப்பான நீர். ஆல்கஹாலால் ஆல்கஹால் பெயின்டைக் கலைத்தால் வேகமாகப் போகும், தோலும் கூடவே வறண்டு எரியும். மொத்தம் நாற்பது நிமிடம். மயிர்க்கால் ஓரத்தில் நீலச்சாயம் இரண்டு நாள் நின்றது. தடுப்புக் கிரீம் அங்கே சரியாகப் படவில்லை.

கணினியில் செய்தது குறைவு. 24 கட்ட நிற அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலை, மஸ்லின் விளிம்பு தெரிந்த ஓர் இடத்தில் நிறத் திருத்தம், வேட்டியின் கீழ்க்கரை நிழல் விழுந்த மூலையில் சிறு வெளிச்சம். தோலை மழமழப்பாக்கும் கருவி எதுவும் தொடவில்லை.

அச்சு, பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில், ஏ2 அளவு. பளபளப்புத் தாளில் போட்ட சோதனை அச்சில் சுண்ணாம்பின் மாவுத்தன்மை போய் எனாமல் பூசியதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடி போடாத சட்டத்தில் மாட்டினார்கள். முதல் அச்சு மாடலின் பாட்டிக்குப் போனது. அவர் படத்தைக் கையில் வாங்கி, முதலில் சுவரைத்தான் தடவிப் பார்த்தார்.